அயோடின் வாங்க வந்த மாமா

இன்னிக்கு பிள்ளையார்பாளையம் மெடிக்கல்ல பக்கத்து வீட்டு மாமா, காயத்துக்குப் போடுற அயோடின் பாட்டில் வாங்கிக்கினு இருந்தாரு.

"அணு உலையில ஏதாச்சும் ஆனா அயோடின் சாப்பிடணுமாமேபா. வீட்ல ஆளுக்கு ஒரு மூடி குடுத்துடப் போறேன்."

நான் பாட்டிலைப் புடுங்கிட்டேன்.

"மாமா, இதைக் குடிச்சா வயிறு வெந்துடும். அதுக்குன்னு தனி மாத்திரை இருக்குது. கவர்மென்ட் சொன்னாதான் போடணும்."

"அது என்னா பண்ணும்?"

"பஸ் சீட்ல துண்டு போடுற மாதிரி. கழுத்துல இருக்கிற தைராய்டுல நல்ல அயோடின் முன்னாடியே இடம் புடிச்சுட்டா, கதிர்வீச்சு அயோடின் உக்கார முடியாது."

"அப்போ இன்னிக்கே போட்டுடலாமே?"

"பஸ்ஸே வரல, துண்டை எங்க போடுவீங்க?"

சிரிச்சுக்கினே என்கிட்டேர்ந்து பாட்டிலை வாங்கி, கடைக்காரர்கிட்டயே திருப்பிக் குடுத்துட்டாரு.

இப்போ தெரு குரூப்ல மாமா மெசேஜ்: "அணு உலையில ஏதாச்சும் ஆனா, எல்லாரும் கழுத்துல துண்டு போட்டுக்கவும்."

உங்க குரூப்புக்கு வந்துடுச்சாபா?