குண்டடம் பேக்கரியில் ஒரு பேனர்

குண்டடத்தில் தாராபுரம் பேருந்துக்காகக் காத்திருக்கிறேன். நிறுத்தத்தை ஒட்டிய பேக்கரியில், பனியன் கம்பெனி வண்டிக்கு நிற்கும் பெண்கள் டீ குடிக்கிறார்கள். டிவியில் விசாரணை ஆணையத்தின் இறுதி அறிக்கை பற்றித்தான் பேச்சு. எதிரே ஒரு கட்சியினர் பட்டாசு வெடிக்கிறார்கள்.

கடைக்காரர் சரஸ்வதி அவர்களை எதிர்க்கும் கட்சியின் ஒன்றிய மகளிரணிச் செயலாளர். அறிக்கை குற்றம் சாட்டுவது அவருடைய தலைவரைத்தான். அவர் கட்சிக்காரர்கள் நான்கு பேர் 'அறிக்கை பொய்' என்று அச்சடித்த பேனரோடு வந்து, கடை முகப்பில் கட்டப் போகிறார்கள்.

"வேணாமுங்க," என்கிறார் சரஸ்வதி. "ரெண்டு நாளா போன்ல முழுசாப் படிச்சுட்டனுங்க. பொய்யின்னு சொல்ல எனக்கு வாய் வரலீங்க. நீங்க படிச்சீங்களா?"

"எங்கக்கா நேரம்," என்கிறார் ஒருவர். "பொறுப்புல இருந்து எடுத்துருவாங்கக்கா," என்கிறார் மற்றொருவர் தணிந்த குரலில்.

"எடுக்கட்டுமுங்க."

பேனரைச் சுருட்டிக்கொண்டு போகிறார்கள். பட்டாசு வெடித்தவர்களில் ஒருவர் லட்டுப் பெட்டியோடு ஓடி வருகிறார். "நம்ம பக்கம் வந்துருங்கக்கா."

"கடைசி அத்தியாயத்துல உங்காளு பேரும் இருக்குதுங்களே," என்கிறார் சரஸ்வதி. வந்தவர் பெட்டியை மூடுகிறார்.

"இனி எந்தக் கட்சிங்க?" என்று கேட்கிறேன்.

"அதே கட்சிதானுங்க. தப்பைத் தப்புன்னு சொல்ல உள்ள ஒரு ஆளு வேணுமில்லீங்களா?"

டீக் கிளாஸை என்னிடம் நீட்டுகிறார்.

பேருந்து வருகிறது. நானும் படிக்காமலேதான் இரண்டு நாளாக அந்த அறிக்கையைப் பற்றி வாதாடுகிறேன். சன்னலோரம் உட்கார்ந்து, போனில் அதன் முதல் பக்கத்தைத் திறக்கிறேன்.