அபிதாவின் நார்த்தங்காய் ஜாடி

எங்கள் தெருவில் யார் வீட்டில் வெங்காயம் அழுகினாலும் வழக்கு என் ஓரகத்தியிடம்தான் போகும். முழுப் பெயர் அபிதகுசாம்பாள். திருவண்ணாமலைப் பக்கத்துப் பெண், அதனால் அம்மன் பெயர். அவ்வளவு நீளமாகக் கூப்பிட ஆரணியில் யாருக்கு நேரம் இருக்கிறது? எனக்கு அபிதாக்கா. எதையும் கெடாமல் வைக்கத் தெரிந்தவள் என்பதால் தெருவுக்கு பிரிட்ஜ் அக்கா. இதில் வேடிக்கை என்னவென்றால், பிரிட்ஜைக் கண்டாலே அவளுக்கு ஆகாது.

"ரொட்டிய உள்ள வெக்காத திலகா, வெளிய இருக்கறத விட ஜல்தியா வறண்டு பூடும்" என்பாள். தக்காளி உள்ளே போனால் ருசி செத்துவிடுமாம். பக்கத்தில் ஆப்பிள் இருந்தால் வாழைப்பழம் அவசரமாகப் பழுத்துவிடுமாம். முட்டையைத் தண்ணீரில் போட்டு, மிதந்தால் பழசாம். வெங்காயமும் உருளைக்கிழங்கும் ஓரகத்திகள் மாதிரி, ஒரே கூடையில் போட்டால் இரண்டும் கெட்டுவிடும் என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பாள். இதெல்லாம் எங்கே படித்தாய் என்று கேட்டால், "எங்க படிக்கறது? தூக்கிப் போட்டுத் தூக்கிப் போட்டுக் கத்துகினதுதான்" என்பாள்.

எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். நான் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் என் சமையலறைக்குள் வந்து புளிப்பானையை ஒரு பக்கம், பருப்பு டப்பாவை ஒரு பக்கம் மாற்றி வைத்திருப்பாள். நல்லதுக்குத்தான் செய்கிறாள் என்று தெரியும். நல்லது செய்கிறவர்களோடு குடித்தனம் நடத்துவது எவ்வளவு கஷ்டம் என்று நடத்தினவர்களைக் கேட்டால் தெரியும்.

போன ஆடி மாதம் ஒரு காலை, தறியில் குறுக்கே ஓடும் ஊடை நூலைத் தாராகச் சுற்றிக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். பக்கவாதம். வேலூருக்குத் தூக்கிப்போய் உயிரோடு கொண்டுவந்தோம். வலது பக்கம் வரவில்லை, பேச்சும் வரவில்லை. அதைவிடப் பெரிய பேஜாராக, சோற்றைக் கண்டால் உதட்டை இறுக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பினாள். ஆள் பாதியாகிவிட்டாள். "வாயால சாப்பிடலன்னா மூக்குல டியூப் போடறதத் தவிர வேற வழி இல்லீங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் வீட்டுக்காரர் கமலக்கண்ணன் மாமா ஆஸ்பத்திரி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அவளைக் காப்பாற்றியது அவளே உப்பில் போட்டு வைத்திருந்த நார்த்தங்காய். குழைந்த தயிர்சோற்றில் நகக்கண் அளவு நசுக்கிப் போட்டேன். டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்ததால் அதற்கு மேல் போடப் பயம். வாயருகே கொண்டு போனதும் மூக்கு விடைத்தது, வாய் திறந்தது. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று சும்மாவா சொன்னார்கள். அன்றிலிருந்து ஜாடி இருந்தால் சாப்பாடு, இல்லையென்றால் இல்லை.

அவளைக் குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, அவள் விட்ட தார் வேலை, அதற்குப் பிறகு என் வீட்டு அடுப்பு. எனக்கும் ஒரு முதுகு இருக்கிறது என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கே சில நாள் தோன்றவில்லை.

கார்த்திகையில் ஒருநாள் அரிசி மூட்டை பிடிக்க களம்பூர் மண்டிக்குப் போனேன். அன்று பகல் சாப்பாட்டை மாமா ஊட்டினார். அவர் கிண்ணத்தில் எடுத்து வைத்தது தீர்ந்து, சில நாள் கழித்து ஜாடியைத் திறந்தால் மேலெல்லாம் வெள்ளையாகப் பூத்து, உள்ளே பச்சையாகப் படர்ந்திருந்தது. குப்பென்று நாற்றம். ஜாடியைத் தூக்கிக்கொண்டு மாமாவிடம் போனேன்.

"மாமா, ஜாடியில கை வெச்சீங்களா?"

"அன்னிக்கு நீ இல்லியேம்மா. கைய நல்லா கழுவிகினுதான் எடுத்தேன்."

"தொடச்சீங்களா?"

அவர் தன் விரல்களைத் திருப்பிப் பார்த்தார். பட்டு நெய்கிறவர் கை. ஊடைத் தாரை நனைத்து நனைத்து ஓட்டினால்தான் சேலை கெட்டியாக விழும். அழுக்குக் கையால் பட்டைத் தொடக் கூடாது என்று ஓயாமல் கழுவுவார். விரல் எப்போதும் ஈரம், அந்த ஈரம் அவருக்குத் தெரிவதே இல்லை. தறியில் நல்ல பெயர் வாங்கிக் கொடுத்த கை, ஜாடிக்குள் போய் மண்ணைப் போட்டுவிட்டது.

"நானே அவள பட்டினி போட்டுட்டேன் திலகா" என்றார். வாய்க்கு வந்தபடி திட்டத்தான் நினைத்திருந்தேன். அவர் முகத்தைப் பார்த்த பிறகு திட்டவும் தெம்பு இல்லை. ஜாடியைத் தூக்கிப்போய்க் கொல்லையில் கொட்டிப் புதைத்தேன்.

கடையில் பாட்டில் ஊறுகாய் வாங்கி வந்து கொடுத்தோம். துப்பினாள். எலுமிச்சை, மாங்காய், எல்லாவற்றையும் துப்பினாள். அப்புறம் வாயையே திறக்கவில்லை. மறுநாளும் அதே கதை. மாமா ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். திங்கட்கிழமை கூட்டி வந்தால் டியூப் போட்டுவிடலாம் என்றார்களாம். அதைக் கேட்டுக்கொண்டு அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இவ்வளவு நாள் ஊட்டி வளர்த்தேனே, இதற்குத்தானா?

ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டில் நார்த்தங்காய் கிடைத்தது. போட்டாலும் உடனே ஊறாது, எனக்குத் தெரியும். இருந்தாலும் சும்மா உட்கார முடியவில்லை. அவள் கட்டிலருகிலேயே அருவாமனையைப் போட்டு உட்கார்ந்தேன். காயைச் சுருளாக அரிந்து உப்பை அடைத்தேன். இந்த முறை ஒரு சொட்டு ஈரம் இருக்கக் கூடாது என்று ஜாடியைக் கொதிநீரில் கழுவி, மொட்டை மாடி வெயிலில் காயவைத்திருந்தேன். கை சுடச்சுடத் துணியால் பிடித்துக் கொண்டுவந்து, காயைப் போட்டு மூடியைத் திருகப் போனேன்.

"ஆ... ற... ட்டும்."

சுவருக்கு அந்தப் பக்கம் என் வீட்டில் யாரோ பேசுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். திரும்பினால் அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாக்கா சொன்ன?"

"ஆறட்டும். மூடுனா... உள்ள வேர்த்துடும்."

தறிச் சத்தம் நின்றது. மாமா வாசற்படியில் வந்து நின்றார். கையில் தார் அப்படியே இருந்தது.

"இத்தினி மாசமா வாயத் தொறக்காம கெடந்துட்டு, தொறந்தவொடனே என்னியே கொற சொல்றியா நீ?" என்று கத்தினேன். கத்திவிட்டு அவள் கட்டில் விளிம்பில் தலையை வைத்துக்கொண்டு ஓவென்று அழுதேன். இடது கையால் என் தலையைத் தள்ளினாள். அழுகிறவளைத் தேற்றவில்லை. நான் அழுதால் ஜாடியில் கண்ணீர் விழுமே என்ற கவலை அவளுக்கு.

மாமா தயிர்சோறு பிசைந்து கொண்டுவந்தார். "தொட்டுக்க ஒன்னும் இல்லியே" என்று தயங்கினார். அவள் வாயைத் திறந்தாள். ஒவ்வொரு வாய்க்கும் நடுவில் ஜாடியின் பக்கம் கண்ணைக் காட்டினாள். நானும் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்து எழுந்து போய், ஆறிவிட்டதா என்று தொட்டுப் பார்த்துச் சொன்னேன்.