பாத்திரக்கடைக் காலண்டருக்காகத் திண்டுக்கல்லில் இரண்டு நாள்

படம் எடுப்பதற்கென்று யாரும் திண்டுக்கல் போவதில்லை. பிரியாணிக்குப் போவார்கள், பூட்டு வாங்கப் போவார்கள், இல்லையென்றால் கொடைக்கானலுக்குப் பஸ் மாறுவார்கள். நான் போனது காலண்டர் அடிக்க.

என் அக்கா ரோஸ்லின் நத்தத்தில் பாத்திரக்கடை வைத்து இரண்டாவது வருடம். ஒரு கடை ஊன்றிவிட்டது என்பதற்கு அங்கே ஒரே அடையாளம்தான்: அது கொடுத்த காலண்டர் வாடிக்கையாளர் வீட்டுக் கூடத்தில் தொங்க வேண்டும். கூடத்தில் பெரும்பாலும் ஓர் ஆணிதான் இருக்கும். அதற்கு நகைக்கடை, ஜவுளிக்கடை, உரக்கடை எல்லாம் போட்டி. முதல் வருடம் அக்கா மாதா படம் போட்டுக் கொடுத்தாள். முக்கால்வாசி பீரோவுக்குப் பின்னால் போய்விட்டது. முருகன் படம் போட்டால் எங்கள் அம்மாவே கடைப்படி ஏறமாட்டாள். "சாமியே வேண்டாம், ஊரைப் போடு" என்றேன். "அப்ப நீயே வந்து எடு" என்று போனை வைத்துவிட்டாள்.

நான் கோவையில் பம்ப் கம்பெனியில் தரச் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். கேமரா சொந்தம், லீவு கடன். டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு வெள்ளியும் சனியும் கிடைத்தன. திண்டுக்கல் அச்சகக்காரர் முதலிலேயே சொல்லிவிட்டார்: சனி மாலை ஏழு மணிக்குள் பைல் வர வேண்டும், தவறினால் பொங்கலுக்கு அப்புறம்தான் மெஷின் காலி. பொங்கலுக்கு அப்புறம் வரும் காலண்டருக்கு எந்த வீட்டிலும் ஆணி மிச்சம் இருக்காது.

வெள்ளி காலை ஐந்தேகாலுக்கு சிங்காநல்லூரில் பஸ் ஏறி, ஒன்பதரைக்குத் திண்டுக்கல்லில் இறங்கினேன். டிக்கெட் நூற்றைம்பது சொச்சம். முதலில் மலைக்கோட்டை, நுழைவு இருபத்தைந்து ரூபாய். டிரைபாடுக்கு அனுமதி கிடையாது, வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். பாறையில் வெட்டிய படிகளை எடுக்க வேண்டுமானால் பத்து மணிக்குள் எடுங்கள். பிறகு பாறை வெளுத்து, படி எது பாறை எது என்று படத்தில் தெரியாது.

அங்கிருந்து நாகல் நகர் பக்கம் நடந்தேன். பழைய மரக்கதவில் தொங்கிய மாங்காய்ப் பூட்டு ஒன்று கிடைத்தது. நாக்குப் போல ஒரு மூடி, அதற்குக் கீழே சாவித் துவாரம், சுற்றிலும் துரு. அதற்கு மட்டும் இருபது நிமிடம் செலவழித்தேன். மாலைக்குள் ஷட்டர், தோல் தொழிற்சாலையின் இரும்புக் கேட், சங்கிலி போட்ட சைக்கிள், பிரியாணிக் கடையின் தேக்சா மூடி, டவுன் பஸ் எண் பலகை என்று ஒன்பது மாதம் தேறிவிட்டது. என் பாணி நெருக்கமான படம். யாராவது குறுக்கே வந்தால் போகும்வரை காத்திருந்து எடுப்பேன். எனக்குப் பொறுமை கிடையாது, இருந்தும் காத்திருந்தேன்.

சனி விடிகாலை நிலக்கோட்டை பூச்சந்தை. இருபத்தைந்து கிலோமீட்டர், ஐம்பது நிமிடம். குளிர்காலத்தில் மல்லிகை வரத்துக் குறைவு, அதனால் குவியலும் சின்னது, அதைச் சுற்றிய கூட்டமோ பெரியது. ஆள் விலகட்டும் என்று கேமராவோடு நின்றேன்.

"தம்பி, பூ வாங்குறியா, இல்ல பூவுக்குக் காவலா?" என்றார் வியாபாரி.

"படம் எடுக்கணும்ணே. ஆளுக செத்த நேரம் தள்ளி நின்னா எடுத்துருவேன்."

"ஆள தள்ளிட்டா எவன்யா பூ வாங்குறது? நீ தள்ளு!"

எப்படியோ பாக்கி மூன்று மாதத்தையும் அங்கேயே எடுத்தேன். ஒன்பதரைக்குத் திண்டுக்கல் திரும்பி, பன்னிரண்டு மாதத்துக்கும் மாதிரித் தாள் அடித்துக்கொண்டு நத்தம் பஸ் ஏறினேன். முப்பத்தேழு கிலோமீட்டர், முப்பத்தைந்து ரூபாய். பதினொன்றரைக்கு அக்கா கடை. இட்லிச் சட்டி பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணியை அப்படியே விட்டுவிட்டு அக்கா தாள்களை வாங்கினாள். ஜனவரியைப் பார்த்தாள். அங்கேயே நின்றுவிட்டாள்.

"ஏலே, இது என்னது?"

"மாங்காய்ப் பூட்டு. திண்டுக்கல்லுக்கே அதானே பேரு?"

"பூட்டு சரி. பூட்டிக் கெடக்கே! கீழ என் கடை பேரு, மேல பூட்டுன கதவு. பேங்க்குக்காரன் வந்து சீல் வச்சுட்டுப் போன மாதிரில்ல இருக்கு."

வெளிச்சம், துரு, மரத்தின் ரேகை என்று நான் விளக்கினேன். அவள் அதற்குள் மற்ற தாள்களைப் புரட்டிவிட்டாள். "ஏப்ரல் சாத்துன ஷட்டரு. ஜூலை சாத்துன கேட்டு. செப்டம்பர் சைக்கிளுக்கும் பூட்டு. நவம்பர்... ஏலே, பிரியாணியக் கூடவா மூடி வச்சு எடுப்ப?"

இட்லிச் சட்டிக்காரப் பெண்மணி எட்டிப் பார்த்தார். "ஏன் தம்பி, ஊர்ல ஆளுகளே இல்லியே. கொரோனாவுல எடுத்ததா?"

எனக்குக் கோபம் வந்தது. தாள்களை வாங்கிக் கல்லாமேல் வரிசையாகப் பரப்பினேன், அவர்கள் சொல்வது தப்பு என்று காட்டுவதற்காக. எண்ணிப் பார்த்தால் பன்னிரண்டில் ஐந்து மூடிக் கிடந்தது. பன்னிரண்டிலும் ஆள் இல்லை. பம்ப்பில் அரை மில்லிமீட்டர் விலகினால் திருப்பி அனுப்புகிறவன், இதை இரண்டு நாளாகக் கவனிக்கவில்லை.

"புது வருசத்துல ஒருத்தி எந்திரிச்சு மொதல்ல பாக்குறது இத. பூட்டுன கதவ எவ மாட்டுவா? இது போனா அடுத்த வருசமும் பீரோவுக்குப் பின்னாடிதான். மூணாவது வருசம் கேக்குறதுக்குக் கடை இருக்குமாடா?" குரல் இறங்கிவிட்டது. பிறகு மச்சானைக் கல்லாவில் உட்கார வைத்துவிட்டுப் பையை எடுத்தாள். "நடலே. நானும் வாரேன்."

இரண்டு மணிக்குத் திண்டுக்கல். வெளிச்சம் ஐந்தரை வரைதான். உள்ளூரில் டவுன் பஸ்ஸில் சுற்றினோம். பெண்களுக்கு இலவசம், எனக்கு மட்டும் டிக்கெட். பிரியாணிக் கடையில் அக்கா இரண்டு பார்சல் சொல்லிவிட்டு, "தேக்சாவுல மேல இருந்து எடுக்காதீங்க, புதுசாத் தொறந்து அடியில இருந்து குடுங்க" என்றாள். மாஸ்டர் முணுமுணுத்துக்கொண்டே மூடியைத் தூக்கினார். ஆவியும் அவர் முழங்கையும் நவம்பர் ஆனது. டவுன் பஸ் படிக்கட்டில் ஏறும் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கால்கள் ஜூலை. ஷட்டருக்குப் பதில், தள்ளுவண்டியில் பழம் அடுக்கும் கை. சைக்கிளுக்குப் பதில், பங்க்சர் கடைத் தண்ணீர்த் தொட்டியில் டியூபைப் பிடித்திருந்தவர்.

ஜனவரி மட்டும் பாக்கி. நாலரைக்கு ஒரு பூட்டுக் கடைக்குள் நுழைந்தோம்.

"அண்ணே, இது நல்லாத் தொறக்குமா?"

"பூட்டுனா நல்லாப் பூட்டும்மா. அதானே வேணும்?"

"எனக்குத் தொறக்கணும்ணே."

"எதத் தொறக்கணும்? யாரு வீட்ட?"

நான் கேமராவைக் கண்ணில் வைத்துவிட்டேன். அக்கா சாவியைத் திருப்பினாள், வளையம் டக்கென்று மேலே எகிறியது. அவள் சிரித்ததில் கை கொஞ்சம் ஆடி, வளையல் மங்கலாக விழுந்திருக்கிறது. என் கணக்கில் அது ரிஜெக்ட். "இதான், இதான்" என்று அக்கா என் தோளில் அடித்தாள். ஆறு ஐம்பதுக்குப் பைலைக் கொடுத்தோம்.

யாராவது இதே போல அடிக்க நினைத்தால்: நாலு ஓரமும் வெட்டுக்கு மூன்று மில்லிமீட்டர் விடுங்கள். படத்துக்கு வழுவழுத் தாள் சரி, தேதிப் பக்கத்துக்குச் சாதாரணத் தாள்தான் வேண்டும்; சிலிண்டர் வந்த நாளை எல்லோரும் அதில்தான் பேனாவால் எழுதுகிறார்கள். ராகு காலம், முகூர்த்தம் எல்லாம் அச்சகத்தில் தயாராகவே இருக்கும், நீங்கள் தட்டச்சு செய்யாதீர்கள், தப்பு வரும். மாதிரித் தாளைக் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். வைத்தால் உங்களுக்கும் ஓர் அக்கா இருக்க வேண்டும்.

பிப்ரவரி நடுவில் நத்தம் போனேன். கடைக்குப் பக்கத்துத் தெருவில் தண்ணீர் குடிக்க, விசாரிக்க என்று மூன்று வீடு ஏறினேன். இரண்டில் எங்கள் காலண்டர் கூடத்தில் இருந்தது. மூன்றாவது வீட்டில் அடுப்படியில் இருந்தது, பிறகு சொன்னபோது அக்கா அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டாள். கடைக்குள் போனால் அவள் தலைக்கு மேல் இன்னும் ஜனவரி.

"அக்கா, மாசம் மாறிப் பதினஞ்சு நாளாச்சு. தேதி தப்பாக் காட்டுது, திருப்பு."

"தேதிய நான் போன்ல பாத்துக்கிறேன். நீ கைய எடு."