புளி போட்டுத் தேய்த்த வண்டி

ஒன்பது வயதில் எனக்குச் சுத்தப் பைத்தியம் பிடித்திருந்தது. அம்மா கழுவிக் கவிழ்த்த தட்டை எடுத்து மறுபடி கழுவுவேன். பள்ளிக்கூட ஷூவுக்கு அடிப்பக்கமும் பாலிஷ் போடுவேன். வீட்டுக்கு யாராவது வந்தால் அவர்கள் உட்கார்ந்து எழுந்திருக்கும்வரை துணியோடு காத்திருப்பேன். இந்த நல்ல குணத்தால் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் நன்மை விளைந்ததாக ஞாபகம் இல்லை. ஒரே ஒரு விபரீதம் விளைந்தது. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

அப்பாவுக்கு மஸ்கட்டில் வேலை. அதனால் அம்மாவும் நானும் மயிலாப்பூரில் தாத்தாவின் ஃபிளாட்டில் இருந்தோம். தாத்தா என்றால் அம்மாவின் அப்பா. அம்மாவின் தம்பியான என் மாமாவும் அங்கேதான் இருந்தார். மாமா பாலிடெக்னிக்கில் வாத்தியார். முப்பத்தைந்து வயது முடிந்திருந்தது. நகக்கண்ணில் கிரீஸோடு பெண் பார்க்கப் போனால் எந்த வீட்டில் கொடுப்பார்கள் என்று அம்மா கேட்டுக்கொண்டே இருப்பாள்.

கிரீஸுக்குக் காரணம் கீழ்த்தளத்தில், தண்ணீர் மோட்டாருக்குப் பக்கத்தில், தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நின்றது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து மிலிட்டரி மோட்டார் சைக்கிள். புதுப்பேட்டையில் பழைய சாமான்களுக்கு நடுவில் மாமா அதைக் கண்டெடுத்தபோது கடைக்காரரே கைவிரித்துவிட்டாராம். "இது இன்னா வண்டின்னு எனக்கே தெரியல சார். பதினஞ்சு வருசமா இங்கதான் குந்திக்கினு கீது" என்றாராம். சக்கரம் ஒன்று இல்லை. இஞ்சினுக்குள் எலி குடும்பம் நடத்தியிருந்தது. மாமா இரண்டு வருஷம் அதோடு மல்லுக்கட்டினார். தரையில் எண்ணெய் சிந்துகிறது என்று அசோசியேஷன் செக்ரட்டரி மாதம் ஒரு தடவை மாடியேறி வந்து கத்திவிட்டுப் போவார். மாமா அவருக்குக் காப்பி கொடுத்து அனுப்புவார்.

மாமா எதற்காக இந்தப் பாடு படுகிறார் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். தாத்தா பதினெட்டு வயதில் பட்டாளத்தில் சேர்ந்தவர். முகாமுக்கு முகாம் மோட்டார் சைக்கிளில் கடிதம் கொண்டுபோய்க் கொடுப்பது அவர் வேலை. பர்மா எல்லையில் பின்வாங்கி வரும்போது வண்டியை ஒரு மரத்தடியில் நிறுத்திவிட்டு நடந்தே திரும்பினார் என்பது வீட்டில் வழங்கிவந்த கதை. அதற்கு மேல் அவர் ஒரு வார்த்தையும் சொன்னதில்லை. ஆனால் அந்த வண்டியின் நம்பரை மட்டும் மறக்கவே இல்லை. ஓர் ஆங்கில எழுத்து, ஏழு இலக்கம். முகச்சவரம் செய்யும்போதும், செருப்பைத் தேடும்போதும், டாக்டர் பிரஷர் பார்க்கும்போதும் வாய்க்குள் அதைச் சொல்லிக்கொண்டே இருப்பார். நான் வாய்ப்பாடு படிப்பதற்கு முன்பே அந்த நம்பரை மனப்பாடம் செய்துவிட்டேன்.

அந்த வருஷம் ஜூன் மாதம் தாத்தா குளியலறையில் வழுக்கி விழுந்தார். எலும்பு கூடிவிட்டது, ஆனால் அவர் கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துவிட்டார். என்னை அம்மா பெயர் சொல்லிக் கூப்பிட்டார். மாமாவைச் சில நாள் சார் என்றார். காலில் குறை ஒன்றுமில்லை, அவராக மனசு வைத்தால்தான் உண்டு என்றார் டாக்டர். மாமா அன்றைக்குச் சாப்பிடவில்லை. எனக்குத் தாத்தா மேல் கோபமாகக்கூட இருந்தது. எழுந்து நடந்துவிட்டால் என்ன குறைந்துபோகும் என்று நினைத்தேன்.

ஆயுத பூஜைக்கு ஒரு வாரம் இருக்கும்போது மாமா மூச்சிரைக்க மாடியேறி வந்தார். பெட்ரோல் டாங்க்கில் பெயின்ட்டைச் சுரண்டச் சுரண்டக் கடைசியில் ஒரு நம்பர் தெரிகிறது என்றார். தாத்தாவின் நம்பர். அம்மா உடனே சாமி படத்துக்கு விளக்கேற்றினாள். மாமா கட்டிலோரம் குனிந்து, "நைனா, உன் வண்டிதான்" என்றார். மாமா தாத்தாவை நைனா என்றுதான் கூப்பிடுவார்.

சுவரைப் பார்த்திருந்த முகம் மெதுவாக இந்தப் பக்கம் திரும்பியது. "நம்பரைச் சொல்லு" என்றார் தாத்தா. மாமா சொன்னார். "நல்லா பாத்தியா?" என்றார். பார்த்தேன் என்றார் மாமா. தாத்தா வெகுநேரம் மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, பூஜையன்றைக்குக் கீழே வருகிறேன் என்றார். நான்கு மாதத்தில் அவர் வருகிறேன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள்.

பூஜைக்கு முந்தின நாள் குத்துவிளக்கு, தாம்பாளம், மணி எல்லாவற்றையும் துலக்கும் வேலை எனக்கு வந்தது. எனக்குப் பண்டிகையே அதுதான். புளியும் பவுடரும் தேங்காய் நாரும் வைத்துக்கொண்டு பித்தளையைப் பொன்னாக்கிவிட்டு, இன்னும் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். கிண்ணத்தில் புளி மீதி இருந்தது. நாளைக்கு வண்டிக்கும் பூஜை என்பது நினைவுக்கு வந்தது. மாமா பாலிடெக்னிக் போயிருந்தார். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கீழே போய்த் தார்ப்பாயை விலக்கினேன்.

வண்டி முழுக்கப் பாசி நிறத்தில் பளிச்சென்று இருந்தது. டாங்க்கின் இடது பக்கத்தில், அந்த நம்பர் இருந்த இடம் மட்டும் அழுக்கேறி, டீ கொட்டிக் காய்ந்த மேஜை மாதிரி இருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. நம்பர் நன்றாகத் தெரியட்டும் என்றுதான் தேய்த்தேன். முதல் தேய்ப்பில் அழுக்குப் போனது. இரண்டாவது தேய்ப்பில் நம்பரும் போய்விட்டது.

அறுபது வருஷம் மழையிலும் வெயிலிலும் பிழைத்த நம்பர் என் ஒரு உருண்டைப் புளியில் செத்துவிட்டது. நாளைக்குத் தாத்தா வந்து பார்ப்பார். நம்பர் இருக்காது. மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடுவார். அதன்பிறகு எந்தக் காலத்திலும் எழுந்திருக்கமாட்டார். காரணம் நான். மாமா வரும்வரை அந்த வண்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன்.

மாமா வந்தார், டாங்க்கைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். அடி விழும் என்று கண்ணை மூடினேன். விழவில்லை. "அழாதடி செல்லம். தாத்தாகிட்ட மட்டும் சொல்லிடாத. யாருகிட்டயுமே சொல்லாத" என்றார். டூல்ஸ் பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு சின்ன வெள்ளை பெயின்ட் டப்பாவையும் பிரஷையும் எடுத்தார். எதையும் பார்க்காமல் கடகடவென்று நம்பரை எழுதினார். அச்சு அசல் பழையதைப் போலவே இருந்தது. உனக்கு எப்படி இவ்வளவு அழகாக வருகிறது என்று கேட்டேன். "இன்ஜினீயரிங் டிராயிங் நான்தானே எடுக்கறேன்" என்றார்.

எனக்கு அது போதுமான பதிலாக இருந்தது. அறுபது வருஷத்துப் பெயின்ட் புளிக்கெல்லாம் அசைந்துகொடுக்காது, ஒரு வாரம் முன்பு பூசிய பெயின்ட்தான் அப்படிப் போகும் என்று அப்போது எனக்கு எப்படித் தெரியும்? நான் கல்லூரிக்குப் போன பிறகு மாமாவே சொன்னார். புதுப்பேட்டையில் கிடைத்த டாங்க்கில் துரு மட்டும்தான் இருந்ததாம். நம்பரை எழுதியதும், பழசாகத் தெரிவதற்காக டீத்தண்ணீரும் அடுப்புக்கரியும் தடவியதும் அவர்தான். ஊர் முழுக்கத் தேடினாலும் தாத்தாவின் வண்டி கிடைக்காது என்று தெரிந்துதான், அதே மாதிரி ஒன்றைப் பிடித்து நம்பரைக் கொடுத்திருக்கிறார்.

ஐப்பசி பிறக்கப்போகிற நேரம். மழை ஈரத்தில் பெயின்ட் காய்வதாக இல்லை. மாமா மாடியிலிருந்து வயர் இழுத்து, வண்டிக்கு நேராக டேபிள் ஃபேனைப் போட்டுவிட்டார். செக்ரட்டரி வந்து பார்த்து, "வண்டிக்கு வேர்க்குதா சார்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் வாழைக்கன்று கட்டி, பொரி வைத்து, சந்தனம் குங்குமத்தோடு அம்மா வண்டியை நெருங்கினாள். அந்தப் பக்கம் வேண்டாம்க்கா என்று மாமா குறுக்கே விழுந்து, நம்பருக்கு மேலே ஒரு சாமந்தி மாலையைப் பக்குவமாகத் தொங்கவிட்டார். பிறகு தாத்தாவைக் கைத்தாங்கலாக அழைத்துவந்தார். முப்பத்திரண்டு படி. ஒவ்வொரு படியிலும் நானும் ஒரு படி இறங்கினேன். தாத்தா வெள்ளைச் சட்டையை பேன்ட்டுக்குள் விட்டுக்கொண்டிருந்தார்.

கற்பூரம் காட்டியதும் மாமா டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கக் குனிந்தார். அம்மா திருஷ்டிப் பூசணிக்காயைத் தேடிப் போனாள். அந்த நேரம் பார்த்துத் தாத்தா மாலையை ஒதுக்கிவிட்டு, இடது உள்ளங்கையை முழுசாக நம்பர் மேல் வைத்தார். என் உயிர் போய்விட்டது. கையை எடுத்தபோது உள்ளங்கையில் வெள்ளையாக இரண்டு இலக்கம் அப்பியிருந்தது. தாத்தா கையைப் பார்த்தார். குனிந்திருந்த மாமாவின் முதுகைப் பார்த்தார். பிறகு மாலையைப் பழைய இடத்துக்கே இழுத்துவிட்டுக் கையை மூடிக்கொண்டார்.

"என்ன நைனா, உன் வண்டிதானே?" என்று நிமிர்ந்தார் மாமா.

"என் வண்டிதான்" என்றார் தாத்தா.

மாமா அழுததை நான் அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். தாத்தா அதைப் பார்க்காத மாதிரி கார்புரேட்டர் பக்கம் குனிந்து, ஒரு சின்னக் குமிழை வலது கட்டைவிரலால் அமுக்கினார். பெட்ரோல் சொட்டியதும் விட்டார். கை தானாகவே ஹேண்டில்பாருக்குப் போய் ஒரு நெம்புகோலைப் பாதி தள்ளியது. "இப்ப உதை" என்றார். மாமா பத்து தடவை உதைத்தால் கிளம்புகிற வண்டி அன்றைக்கு ஒரே உதையில் கிளம்பியது. எலுமிச்சம்பழம் நசுங்கியது. மாமா, நடுவில் நான், பின்னால் தாத்தா என்று சாந்தோம் வழியாகக் கடற்கரைக்குப் போனோம். பெயின்ட்டில் பட்டுவிடக்கூடாது என்று மாமா இடது முழங்காலை வெளியே விரித்துக்கொண்டு ஓட்டினார். ஏண்டா கோழி இறக்கையை விரிச்ச மாதிரி போறே என்று தாத்தா பின்னாலிருந்து கேட்டார். அவர் கேலி பண்ணிக் கேட்டு எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. மாமா காற்றோடு காற்றாகச் சிரித்தார்.

கடற்கரையில் மாமா டீ வாங்கப் போனார். தாத்தா வண்டியின் மேலேயே உட்கார்ந்திருந்தார். எனக்கு அந்தக் கை உறுத்திக்கொண்டே இருந்தது. பாவாடை நுனியை எச்சிலில் நனைத்து, காட்டுங்க தாத்தா, துடைச்சுவிடறேன் என்றேன். "இருக்கட்டும்" என்று கையை மடியில் வைத்துக்கொண்டார். அப்புறம் கடலைப் பார்த்தபடியே சொன்னார்.

"மரத்தடியில நிறுத்தினேன்னு சொன்னது பொய் பாப்பா. எதிரி கைக்குப் போகக்கூடாதுன்னு ஆர்டர். நானே பெட்ரோல் ஊத்திக் கொளுத்தினேன். எரிஞ்சு முடியற வரைக்கும் பக்கத்துலயே நின்னேன். என் வண்டி அங்கயே சாம்பலாயிடுச்சு. மாமாகிட்ட சொல்லிடாத. எனக்காக ரெண்டு வருசம் ராப்பகலாப் பாடுபட்டிருக்கான்."

எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பெயரெல்லாம் மாற்றிச் சொன்னவர், இப்போது இதையும் குழப்பிக்கொள்கிறார் என்று தோன்றியது. "இல்ல தாத்தா, இது உங்க வண்டிதான். நம்பர் இருக்குல்ல" என்று பொறுமையாக எடுத்துச் சொன்னேன். "ஆமா, இருக்கு" என்று ஒப்புக்கொண்டார். மாமா மூன்று டம்ளரோடு வந்தார். தாத்தா வலது கையால் வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து மாலையை எடுத்தபோது நம்பர் இழுத்துக்கொண்டு கிடந்தது. மாமா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மறுபடி நீயா என்றார். ஆமாம் என்றேன். அதன்பிறகு தாத்தா ஒன்றரை வருஷம் இருந்தார். சாகும்வரை சுவரைப் பார்த்துப் படுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் பின்சீட்டில் ஏறித் திருவான்மியூர்வரை போய்வந்தார். வண்டி இன்றைக்கும் மாமாவிடம்தான் இருக்கிறது. தாத்தா கடற்கரையில் சொன்னதை அவரிடம் சொல்லிவிடலாம் என்று பலமுறை போயிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் என்ன சாப்பிடறே என்று கேட்பார், நானும் எதையாவது சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவேன்.

பூஜையன்று சாயங்காலம் மறுபடி விளக்கேற்றினார்கள். சரஸ்வதி படத்துக்கு முன்னால் என் புத்தகங்கள் சந்தனப் பொட்டோடு அடுக்கியிருந்தன. கணக்கு மறக்காமல் இருக்கவேண்டும் என்றுதான் வருஷாவருஷம் வேண்டிக்கொள்வேன். அன்றைக்கு எனக்காக ஒன்றும் கேட்கவில்லை. தாத்தாவுக்குச் சொந்த வண்டிகூட அடையாளம் தெரியாமல் போய்விட்டது, பாவம், அவருக்கு எப்படியாவது ஞாபகசக்தியைத் திருப்பிக் கொடுத்துவிடு என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கேட்டேன்.