குட்டிகளுக்கு மட்டும் ஒரு வாசல்

"காலேஜ் போய்ட்டு வந்தவ சொன்னா குட்டி சாவாம நின்னுடுமா? நீ இன்னாத்துக்கு அண்ணி அத கேட்டுகினு கீற? எல்லாத்தையும் வித்துட்டு நிம்மதியா இரு."

விற்பதற்கு முன்னால் என்ன நோய் என்று பார்க்கலாம் என்று நான் சொன்னதற்குத்தான் இந்தப் பேச்சு. ஆனால் சித்தப்பா இதை என்னிடம் சொல்லவில்லை. வேலைக்குக் கிளம்ப நான் தலை வாரிக்கொண்டு நிற்க, எனக்கு முன்னாலேயே அம்மாவிடம் சொன்னார். நான் அங்கே இல்லாதவள் மாதிரி. அந்த வார்த்தையைவிட அதுதான் எனக்குச் சுருக்கென்று இருந்தது.

இரும்புலியூரில் எங்கள் வீட்டுக்குப் பின்பக்கம் சிமென்ட் ஷீட் போட்ட கொட்டகையில் அம்மா ஆடு வளர்க்கிறாள். அப்பா நாவலூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேன். வாரத்துக்கு ஒரு நாள்தான் வீடு. ஆடுகள் முழுக்க முழுக்க அம்மாவுடையவை. எட்டுத் தாய் ஆடுகள். அவற்றின் குட்டிகளை வளர்த்து விற்றுத்தான் நான் பள்ளிக்கூடமும் கல்லூரியும் போனேன். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் பள்ளி வாசலை மிதித்ததில்லை. விலங்கியல் படித்து, பிறகு லேப் டெக்னீஷியன் படிப்பும் முடித்து, தாம்பரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது.

ஆனால் மூன்று மழைக்காலமாகக் குட்டிகள் தங்கவில்லை. ஆடியில் பிறக்கும், ஐப்பசி மழை பிடித்ததும் கழியத் தொடங்கும், வால் நனைந்து, முதுகு கூனி, ஒரு மூலையில் நின்றுகொண்டே இருந்து ஒரு காலையில் விழுந்து கிடக்கும். ஒவ்வொரு தடவையும் சித்தப்பா பூச்சி மருந்து வாங்கி வந்து ஊற்றுவார். ஒவ்வொரு தடவையும் சாகும். போன வருஷம் ஒன்பதில் ஆறு போயிற்று. இந்த வருஷம் பதினோரு குட்டி. இதுவும் போனால் தாய் ஆடுகளோடு சேர்த்து மொத்தமாக வியாபாரிக்குக் கொடுத்துவிடுவது என்று அம்மாவும் சித்தப்பாவும் பேசி முடித்திருந்தார்கள். அன்று காலை முதல் குட்டி கழிய ஆரம்பித்திருந்தது. சளியோடு, ரத்தக் கோடு.

நான் கையுறை மாட்டி, சிறு பிளாஸ்டிக் டப்பாவில் அந்தக் கழிச்சலைக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். மதிய இடைவேளையில் உப்புக் கரைசலில் கலக்கி, மேலே மிதந்ததைக் கண்ணாடித் துண்டில் எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். சாப்பாட்டு டப்பாவோடு வந்த சீனியர் அக்கா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஏய், யாரோட மோஷன் அது? லிஸ்ட்ல இல்லையே."

"ஆட்டோடது அக்கா."

"ஆடா? மனுஷங்க சாம்பிள் பாக்குற மைக்ராஸ்கோப்ல ஆட்டுப் புழுக்கையா? சார் பாத்தா ரெண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பிடுவாரு."

"அனுப்பட்டும். நீங்க ஒரு தடவ பாருங்க."

திட்டிக்கொண்டே குனிந்தார். கண்ணாடித் துண்டை நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். "ஐயோ, இவ்வளவா?" என்றார். முட்டை வடிவம், இரட்டைக் கோடு போட்டது போல ஓடு, நடுவில் ஓர் உருண்டை. பார்த்த இடமெல்லாம் அதுவே. புழு முட்டை இல்லை. குடலின் உள்சுவரைத் தின்று ரத்தக் கழிச்சல் உண்டாக்கும், ஒரே செல்லால் ஆன ஓர் ஒட்டுண்ணியின் முட்டை. சித்தப்பா மூன்று வருஷமாக ஊற்றிய பூச்சி மருந்து இதை ஒன்றும் செய்யாது. அக்கா அந்த இடத்தை ஸ்பிரிட் போட்டு நான்கு முறை துடைக்க வைத்தார். அது நியாயம்தான்.

மறுநாள் கால்நடை மருந்தகத்து டாக்டரிடம் போனேன். நான் பார்த்ததைச் சொன்னதும் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். கழிகிற குட்டிகளுக்கு வாய்வழி மருந்து. நன்றாக இருக்கும் குட்டிகளுக்குத் தீவனத்தில் கலக்கும் தூள். ஒரு குட்டியின் எடைக்கு இவ்வளவு, இத்தனை நாள், அதற்கு மேல் கூடாது, இறைச்சிக்கு விற்பதானால் நிறுத்திய பிறகு இத்தனை நாள் கழிய வேண்டும் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார். வீட்டில் சீட்டைப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்தி. குட்டிகளை ஒவ்வொன்றாகச் சாக்கில் கட்டித் தூக்குத் தராசில் தொங்கவிட்டு எடை எழுதினேன். கழிந்த குட்டிக்கு மருந்தை வாயில் ஊற்றிவிட்டு, மற்றவற்றுக்குத் தூளை அளந்தேன்.

பிறகு, எங்கள் பக்கத்தில் ஆடு வைத்திருப்பவர்கள் எல்லாரும் தீவனத்தை எங்கே கொட்டுவார்களோ அங்கேயே கொட்டினேன். நீல பிளாஸ்டிக் பீப்பாயை நெடுக்கில் பாதியாக அறுத்து வைத்திருப்போம். கல்யாண மண்டபத்துச் சோறு, ஹாஸ்டலில் மீந்த இட்லி, அரிசி கழுவிய தண்ணீர், தவிடு, எல்லாம் அதற்குள்தான். அதில் தூளைப் போட்டுக் கையை விட்டு நன்றாகக் கலக்கினேன்.

ஐந்தாம் நாள் இரண்டு குட்டிகள் செத்தன.

"இன்னா டாக்டரம்மா," என்றார் சித்தப்பா. "மைக்ராஸ்கோப்பு இன்னா சொல்லுது?"

செத்த குட்டிகளை நான் சாக்கில் சுற்றிக்கொண்டிருந்தேன். வியாபாரிக்குச் சொல்லியனுப்பட்டுமா என்று சித்தப்பா கேட்டபோது அம்மா, "ஒரு வாரம் போவட்டும்" என்றாள். குரலில் நம்பிக்கை இல்லை. எனக்காகத் தள்ளிப்போடுகிறாள் என்று தெரிந்தது. யாரும் எனக்காக இரக்கப்பட்டுத் தள்ளிப்போடுவது எனக்குப் பிடிக்காது.

அடுத்த நாள் விடுப்பு எடுத்தேன். கணக்கைத் திரும்பப் போட்டேன், சரியாகத்தான் இருந்தது. மதியம் தீவனம் வைக்கும் நேரத்தில் கொட்டகைக்குள் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். பீப்பாயை நிரப்பியதும் எட்டுத் தாய் ஆடுகளும் தோளோடு தோள் உரசி வரிசை கட்டின. குட்டிகள் நடுவில் நுழையப் பார்த்தன. ஒரு கறுப்பு ஆடு தலையை ஒரு வெட்டு வெட்ட, குட்டி இரண்டடி தள்ளி விழுந்தது. பெற்ற தாய்தான், தீவனத்தின் முன்னால் அந்தப் பாசமெல்லாம் கிடையாது. எல்லாம் தின்று முடித்துப் பெரியவை நகர்ந்த பிறகு குட்டிகள் வந்து விளிம்பை நக்கின. பீப்பாயின் அடியில் வெள்ளையாய்த் தூள் வண்டல் கட்டிக் கிடந்தது. அங்கே அவற்றின் வாய் எட்டவில்லை.

குட்டிகளை எடை போட்டேன், மருந்தை எடை போட்டேன், யார் வாய்க்குள் போகிறது என்று பார்க்கவில்லை. இது என் தப்பு. சித்தப்பா சொன்னதால் தப்பாகிவிடவில்லை, படித்ததாலும் தப்பாகிவிடவில்லை. பார்க்காததால் வந்த தப்பு. பார்த்துவிட்டேன், இனி திருத்தலாம்.

அன்று வெள்ளிக்கிழமை. பல்லாவரம் சந்தைக்குப் போனேன். பழைய கதவு, ஜன்னல், குழாய் விற்கும் வரிசையில் நீளமான ஜன்னல் கிராதி ஒன்று கிடைத்தது. கம்பிகளுக்கு நடுவே என் கையை விட்டு அளந்து பார்த்தேன். கடைக்காரர் சிரித்தார்.

"இன்னாம்மா, ஜன்னலுக்கு எல்லாரும் வூட்ல இருந்து அளவு எடுத்துகினு வருவாங்க, நீ கைய உட்டுப் பாக்குற?"

"குட்டி நுழையணும் அண்ணா, ஆடு நுழையக் கூடாது."

"அப்ப ஒண்ணு உட்டு ஒண்ணு கம்பிய அறுத்துக் குடுக்கறேன். குட்டிக்குத் தலை பெருசு, சிக்கிக்கும்."

அவர் சொன்னது சரி. ஒரு கம்பி விட்டு ஒரு கம்பியை அறுத்துத் தந்தார். ஷேர் ஆட்டோவில் அதை ஏற்ற மாட்டோம் என்றார்கள்; தனி ஆட்டோ பிடித்து, ஒரு முனையை வெளியே நீட்டிப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

கொட்டகையின் ஒரு மூலையைக் கிராதியால் அடைத்தேன். உள்ளே குட்டிகளுக்கு மட்டும் உலர்தீவனம்: உடைத்த மக்காச்சோளம், கடலைப் புண்ணாக்கு, தவிடு, கொஞ்சம் உப்பு. தூளை முதலில் ஒரு கைப்பிடி தவிட்டில் கலந்து, அதை இரண்டு கைப்பிடியில், அதை ஒரு முறம் அளவில், பிறகு மொத்தத்தில் கலந்தேன். ஒரு வாய்க்கும் மறு வாய்க்கும் வித்தியாசம் வரக் கூடாது. முதல் நாள் எந்தக் குட்டியும் தொடவில்லை. மறுநாள் அம்மா வெல்லத்தைக் கரைத்து மேலே தெளித்தாள். ஒன்று நுழைந்தது. பிறகு எல்லாம் நுழைந்தன. கறுப்பு ஆடு கம்பிக்கு வெளியே நின்று கத்தியது. கத்தட்டும் என்றேன்.

"ஜன்னல் வழியா ஆடு மேய்க்கிற மொத ஆளு நீதான்," என்றார் சித்தப்பா.

"ஆமா. ரெண்டாவது ஆளு நீங்களா இருங்க."

மழை நன்றாகவே பிடித்தது. தெருவில் முழங்கால் வரை தண்ணீர் நின்ற வாரத்தில்கூடக் குட்டிகளின் வால் காய்ந்திருந்தது. ஒன்பது குட்டியும் நின்றன. மறுபடியும் மாதிரி எடுத்துப் பார்த்தேன். தேடித் தேடித்தான் ஓரிரு முட்டைகள் கிடைத்தன. சீனியர் அக்கா தானாகவே வந்து குனிந்து பார்த்துவிட்டு, "உன் பேஷன்ட் தேறிட்டான்டி" என்றார்.

குட்டிகள் தேறியதைப் பார்த்ததும் சித்தப்பா வியாபாரியைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். கிடாக் குட்டிகளையாவது இப்போதே தள்ளிவிடலாம் என்று.

"இப்ப தர முடியாது," என்றேன். "மருந்த நிறுத்தி இன்னும் நாள் ஆகல. டாக்டர் எழுதிக் குடுத்திருக்காரு."

"வாங்கறவனுக்கு அது தெரியுமா?" என்றார் சித்தப்பா.

"எனக்குத் தெரியும்."

"அண்ணி, இன்னா இது பேஜாரு? வூட்டுக்கு வந்த யாவாரிய நிக்க வச்சிகினு..."

அம்மா கிராதிக்குள் கையை விட்டுத் தவிட்டைச் சமப்படுத்திக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "அவதான் சொல்றா இல்ல? ஆடு எங்கயும் போவல. டீ சாப்ட்டுப் போங்க," என்றாள்.

வியாபாரி டீ குடித்துவிட்டுப் போனார். சித்தப்பா குடிக்கவில்லை. நான் செய்தது சரி என்று அவர் இன்றுவரை சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. ஒன்பது குட்டிகள் அவர் கண்ணெதிரே துள்ளுகின்றன.

ஆனால் தூளை வருஷம் முழுக்கப் போட்டுக்கொண்டிருக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த முட்டைகள் ஈரத் தரையில் காத்திருக்கும். குட்டிகள் புழுக்கை மேலேயே படுக்கும் வரை மறுபடி மறுபடி வரும். புழுக்கை கீழே விழுந்துவிடும்படி இடைவெளி விட்டுப் பலகை அடித்த பரண் வேண்டும். தையில் மறுபடி இரண்டு ஆடுகள் ஈனப்போகின்றன. பெருங்களத்தூரில் வீடு இடிக்கும் ஓர் இடத்திலிருந்து பலகைகளை இறக்கியாகிவிட்டது. நேற்று மேஸ்திரி வந்து பரணின் எட்டுக் கால்களையும் நட்டுவிட்டுப் போயிருக்கிறார். சிமென்ட் காயும் வரை ஆடுகள் அண்டாமல் இருக்கச் சுற்றிலும் கயிறு கட்டியிருக்கிறேன்.