மலைத் தண்ணீரும் நாலாம் நாள் முறையும்

இங்கே வீட்டுக்குப் பின்னாலேயே தண்ணீர் வருகிறது. ஒரு பைப் இருக்கிறது. திருகினால் வரும், திருகினால் நிற்கும். ஊரில் இருக்கிறவர்கள் நம்பமாட்டீர்கள். என் மனுசி இராசம்மா வந்து பல மாதமாகியும் நம்பவில்லை. வாளி பாதி நிறைந்ததும் பைப்பை மூடிவிட்டு எட்டிப் பார்ப்பாள், பின்னாலே ஆரும் காத்து நிற்கிறார்களோ என்று. ஆரும் நிற்பதில்லை. அது அவளுக்குப் பிடிக்கவில்லை.

நான் மலாயாவில், தைப்பிங் ரெயில் ஸ்டேசனில் கொடி காட்டுகிறவன். படிப்புக் குறைவு, பேச்சு அதிலும் குறைவு. இருவருக்கும் ஊர் சண்டிலிப்பாய். அங்கே அவளுக்குச் சீதனமாக ஒரு தோட்டத் துண்டும் கிணற்றில் கால் பங்கும் கொடுத்தார்கள். பங்குக்காரர் நாலு பேர், ஆளுக்கு ஒரு நாள். நாலாம் நாள் அவள் முறை. விடியமுன் ஒருவர் கிணற்றுக்கு மேலே சாய்ந்து எழும்புகிற துலா மரத்தில் ஏறி மிதிப்பார், ஒருவர் கீழே நின்று தண்ணீர் அள்ளுகிற பட்டையைப் பிடிப்பார். இராசம்மா மண்வெட்டியோடு வெங்காயப் பாத்திகளுக்குத் தண்ணீர் மாறுவாள். ஒரு பாத்தி நிறைந்ததும் குதிக்காலால் அடைத்து, அடுத்ததைத் திறந்துவிடுவாள். கலியாணம் முடிந்து நான் இங்கே கூட்டிவந்த பிறகும் அந்த நாள் வந்தால் அவளுக்கு இருப்புக்கொள்ளாது. "இண்டைக்கு என்ரை முறை" என்பாள். பங்குக்காரரில் ஒருவரான அவள் அண்ணை, அவளுடைய தண்ணீரையும் அவர் பாத்திக்கு விடுவார் என்று பொருமுவாள். சோறு குழைந்துபோகும். நான் அதையே சாப்பிடுவேன்.

ஆனி பிறந்ததும், பினாங்கிலிருந்து கப்பலேறப்போகிற ஊர்க் குடும்பம் ஒன்றோடு தானும் போவதாகச் சொன்னாள். பெட்டியும் அடுக்கிவிட்டாள். நில் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. லீவு நாளில் தைப்பிங் மலைக்குப் போய்வருவோம், உச்சியில் நின்றால் கடல் தெரியும், அதற்கு அங்காலே ஊர் என்றேன். சரி என்றாள்.

வழி காட்ட மாட் வந்தான். என்னோடு வேலை செய்கிற மலாய்க்காரன், மலையடிவாரத்துப் பிள்ளை. நல்ல பாதை சுற்றிச் சுற்றிப் போகும் என்று சொல்லி, காட்டுக்குள்ளே செங்குத்தான குறுக்கு வழியில் விட்டான். எங்கள் ஊர்ப் பக்கத்தில் மேடு என்று ஒன்று இல்லை. சண்டிலிப்பாயிலிருந்து காங்கேசன்துறை வரைக்கும் நடந்தாலும் கால் ஒரே மட்டத்தில்தான் இருக்கும். நான் ஏறிய சரிவு துலா ஒன்றுதான். அது நாலடி வைத்தால் தாழ்ந்து கொடுக்கும். இந்த மலை தாழவில்லை. வெயில் ஏற ஏற வேர்களைப் பிடித்து ஏறினோம். அட்டை கடிக்காமல் இருக்க இராசம்மா புகையிலை ஊறின தண்ணீரைக் காலெல்லாம் பூசி வந்திருந்தாள். எனக்கு மூச்சு வாங்கியது. ஒரு வேரில் குந்திவிட்டேன்.

"இஞ்சேருங்கோ, நீங்கள் மலையிலை ஏறுறியளோ, மலை உங்களிலை ஏறுதோ?"

"நீ முன்னாலை போ" என்றேன்.

இளைப்பாறும்போது மாட் கையில் புழுக்கொடியல் கொடுத்தாள். பனங்கிழங்கை அவித்துக் கல்லுப்போலக் காயவைத்தது அவனுக்குத் தெரியாது. அடுத்த வளைவு வரைக்கும் மென்றுகொண்டு வந்தான். பிறகு, இது சாப்பாடா விறகா என்று கேட்டான். நான் சொன்னதும் இராசம்மா சிரித்தாள். அவள் சிரித்துக் கன நாள்.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே பாறையிலிருந்து தண்ணீர் விழுந்தது. விழுந்து பாதையிலேயே ஓடி வழுக்கியது. எங்கள் ஊரில் ஆறில்லை. தண்ணீர் என்றால் நிலத்துக்குக் கீழே இருந்து இழுத்து எடுக்கிறது. அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஆரின்ரை தண்ணி இது?"

மாட் பக்கம் திரும்பி, எனக்குத் தெரிந்த மலாய் மொழியில் கேட்டேன். அவன் அவளைப் பார்த்தான், தண்ணீரைப் பார்த்தான். அவளுக்குக் குளிக்க வேணும் என்று எடுத்துக்கொண்டான் போல. மரியாதையாக வளைவுக்கு அப்பால் போய், காட்டைப் பார்த்துத் திரும்பி நின்றான். ஏன் போனான் என்று எங்களுக்கு அப்போது விளங்கவில்லை.

"இவ்வளவும் சும்மாவோ போகுது?"

"ஓம்."

"இரவிலையும்?"

"ஓம்."

"ஒருத்தரும் முறை கேக்கிறேல்லையோ?"

"கேக்கிறேல்லை."

"இண்டைக்கு என்ரை முறை" என்றாள். சேலையைத் தூக்கிச் செருகினாள். ஒரு தடியை முறித்தாள். தண்ணீர் பாதைக்குத் திரும்புகிற இடத்தில் கல்லும் மண்ணும் போட்டுக் குதிக்காலால் அடைத்து, பள்ளத்துப் பக்கம் தடியால் கிண்டித் திறந்துவிட்டாள். தண்ணீர் கொஞ்சம் யோசித்துவிட்டு அந்தப் பக்கம் போனது. நான் கல் எடுத்துக் கொடுத்தேன்.

மாட் திரும்பி வந்தான். தான் எப்போதும் வழுக்கி விழுகிற இடம் அது என்று கையால் காட்டினான். பிறகு நீளமாக ஏதோ சொன்னான். எனக்குப் பாதிதான் விளங்கியது.

"என்னவாம்?"

"நீ போனால் உந்தத் தண்ணி திரும்பவும் பாதைக்கு வந்திடுமாம். உன்னை இஞ்சை நிக்கச் சொல்லுறான்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "அவனோ சொல்லுறான்?"

"ஓம்."

தடியைப் போட்டுவிட்டு முன்னாலே ஏறிப்போனாள்.

உச்சியில் வெள்ளைக்காரரின் பங்களாக்களும் ரோசாச் செடிகளும் இருந்தன. குளிர். கடல் இல்லை. கீழே எல்லாம் முகில்.

"கடல் எங்கை?"

"உதுக்குக் கீழை."

கட்டுச்சோற்றை அவிழ்த்து மூன்று பங்காக வைத்தாள். சாப்பிட்டோம். முகில் விலகவில்லை. கை கழுவிக்கொண்டு, மேற்கே பார்த்தபடி சொன்னாள்: "அவனுக்குச் சொல்லுங்கோ, நான் நிக்கிறன் எண்டு."

அவனிடம் சொன்னேன். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நல்லாய்த் தலையாட்டினான்.

இறங்கும்போதுதான் முழங்கால் என்று ஒன்று இருப்பதே தெரிந்தது. அடுத்த நாள் நான் நொண்டி நொண்டிக் கொடி காட்டினேன். கப்பல் அவள் இல்லாமல் போனது.

இப்போது பைப்படியில் மிளகாயும் வெங்காயமும் வைத்திருக்கிறாள். பாய் அகலத்துக்கு நாலு பாத்தி, நடுவிலே வாய்க்கால். நாலு நாளைக்கு ஒருக்கால் விடியமுன் எழும்பித் தண்ணீர் மாறுவாள். இங்கே முதலில் விடியும்; அந்த நேரம் ஊரில் அண்ணை எழும்பியிருக்கவே மாட்டார். அதில் அவளுக்கு ஒரு சந்தோசம். மற்ற நாளில் வெயிலுக்கு இலை வாடினாலும் பைப்பைத் தொடமாட்டாள். திறந்தால் வருமே என்று ஒருநாள் சொன்னேன். "இண்டைக்கு எங்கடை முறை இல்லை" என்றாள்.

இங்கே மழைக்கு முறை தெரியாது. நினைத்த நேரம் வந்து பாத்தியெல்லாம் நிரப்பிவிடும். அப்போது இராசம்மா கதவடியில் நின்று, முறை தவறி வந்த பங்குக்காரனைப் பார்க்கிற மாதிரி அந்த மழையைப் பார்ப்பாள்.