மேல்வீட்டுக்காரரின் வயிறு

அவருக்கும் ஒரு பெயர் இருந்தது, யாரும் கூப்பிட்டதில்லை. கட்டட வேலையில் டவர் கிரேன் ஓட்டுபவர் என்பதால் எல்லோருக்கும் அவர் மேல்வீட்டுக்காரர். உச்சியில் கண்ணாடிக் கூண்டுக்குள், கீழே நிற்பவர்களின் வழுக்கைகளை எண்ணியபடி ராஜா மாதிரி உட்கார்ந்திருப்பார். ராஜாவுக்கு ஒரே குறை: அங்கே கழிப்பறை கிடையாது.

ஏணியில் இறங்கி ஏறச் சோம்பல்பட்டு மனிதர் தண்ணீரையே விட்டுவிட்டார். காலையில் டீயும் பிஸ்கட்டும், மத்தியானம் பொரித்தது ஏதாவது. கீரையைக் கண்டால், "நான் என்ன ஆடா?" என்பார். வயிறு சும்மா விடுமா? நாள்கணக்கில் கல்லாகக் கிடந்துவிட்டு, பாரம் அந்தரத்தில் தொங்கும் நேரம் பார்த்து முறுக்கும். பாரத்தை எப்படியோ இறக்கிவிட்டு அவர் ஏணியில் பறப்பார். கீழே கலந்துவைத்த கான்கிரீட் இறுகிக்கொண்டிருக்கும்.

"இன்னொரு தடவை வேலை நடுவுல இறங்கினா, திரும்ப மேல ஏற வேணாம். கீழயே நின்னு கம்பி கட்டுங்க" என்று சூப்பர்வைசர் கறாராகச் சொல்லிவிட்டார்.

மேல்வீட்டுக்காரருக்குப் பகீரென்றது. அந்தக் கூண்டை விட்டால் அவருக்கு வேறு உலகம் தெரியாது.

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மனைவி, "பயறு, காய், பழம், தயிர், நிறைய தண்ணி. ஆனா கொஞ்சம் கொஞ்சமா சேர்க்கணும், வயிறு பழகணும்" என்றாள். முதல் பாதி மட்டும்தான் அவர் காதில் ஏறியது. அன்றைக்கே ஒரு சட்டி அவித்த பயறு, அரை முட்டைக்கோஸ், கொய்யாப்பழம் கணக்கில்லாமல் உள்ளே போயின.

மறுநாள் கூண்டில் உட்கார்ந்ததும் வயிறு கடமுடவென்று உருள ஆரம்பித்தது. இடுப்பில் செருகிய வாக்கிடாக்கியின் பேசும் பட்டன் தொப்பையில் அமுங்கிக் கிடந்ததை அவர் கவனிக்கவில்லை.

கீழே சிக்னல் காட்டுபவன் அலறினான். "அண்ணே, இடி இடிக்குது! லோடை இறக்கிட்டு வாங்க!"

இடி என்றால் கிரேன் ஓடக்கூடாது, அது சட்டம். சைரன் ஊதியது. எல்லோரும் ஓடி ஒதுங்கி, பளிச்சென்ற வானத்தைப் பார்த்துத் திருதிருவென விழித்தார்கள். அடுத்த இடி வாக்கிடாக்கியில் வந்தபோது கூடவே, "ஐயோ, அம்மா!" என்று அவர் குரலும் வந்தது.

சூப்பர்வைசர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்து, கம்பி கட்ட அனுப்பிவிட்டார்.

"லோடை ஜெர்க் இல்லாம தூக்கணும்னு எல்லாருக்கும் பாடம் எடுக்கிறீங்க. உங்க வயித்துல மட்டும் மொத்த லாரியையும் கவுத்துட்டீங்களே" என்றாள் மனைவி.

அவமானம் தாங்கவில்லைதான். ஆனாலும் கம்பி கட்டியபடியே தண்ணீர் குடித்தார். பயறு முதலில் ஒரு கரண்டி, பழகியதும் இரண்டு. காலையில் நிம்மதி என்றால் என்னவென்று வெகுநாளைக்குப் பிறகு தெரிந்துகொண்டார். இதற்குள் கூண்டில் ஏறிய புது ஆள் பாரத்தை ஊஞ்சலாட்டி சூப்பர்வைசரின் காரையே உரசிவிட்டான்.

"வயிறு எப்படி இருக்கு?" என்று சூப்பர்வைசரே தேடி வந்தார்.

"நேரத்துக்கு வேலைக்கு வருது, உங்க ஆளுங்களை விட ஒழுங்கா. ஆனா மத்தியானம் ஒரு தடவை இறங்குவேன். இப்போ நான் தண்ணி குடிக்கிற மனுஷன்."

மறுநாள் அவர் மறுபடி கூண்டில். வாக்கிடாக்கியில் சிக்னல் காட்டுபவன் குரல் கரகரத்தது. "அண்ணே, மேல வானம் எப்படி?"

அவர் பாட்டிலைத் திறந்து, எல்லோருக்கும் கேட்கும்படி பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு மடக்மடக்கென்று குடித்தார்.

"தெளிவா இருக்கு. கட்டுடா லோடை."